அசன்பேயும் அச்சமும்

கண்டி மாநகர் ஈன்ற அறிஞர் முஹம்மது காசிம் சித்திலெப்பையை, கல்விக் கண் திறந்தவராகவும் பத்திரிகை முன்னோடியாகவுமே நாம் பெரிதும் நினைவுகூருகின்றோம். அன்னார் எழுதிய கதையை எடுத்து வாசிப்போர் அருகிவிட்டனர். பேய்க் கதைகளும் திகில் படங்களும் இளையோரின் கைத்தொலைபேசியிலேயே வந்து குவியும் இக்காலத்தில், திகில் கதை என்பது யாது என்ற வினாவுக்கு அந்தப் பழைய நூல் நல்லதோர் உரைகல்லாகும் என்பது எமது எண்ணம்.

1838 ஜூன் 11 இல் கண்டியிற் பிறந்த சித்திலெப்பை, தந்தையாரைப் பின்பற்றிச் சட்டத்துறையில் ஈடுபட்டு, 1860களில் புரொக்டரானார். சிலகாலம் நீதவானாகப் பதில் கடமையும் புரிந்தார். வருமானம் மிக்க அத்தொழிலில் அவரது மனம் நிலைக்கவில்லை. சமூகத்தின் கல்விக் குறை அவரை வாட்டியது. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆண்களுக்கும், அக்காலத்தில் பலர் எண்ணிப் பாராத வகையில் பெண்களுக்கும், பள்ளிக்கூடங்கள் அமைத்தார். 1883 இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கை வந்த ஒராபி பாஷாவின் நட்பு அவருக்குப் பெருந்துணையாயிற்று.

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் பலராலும் கொள்ளப்படும் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. எகிப்தின் உயர்குடியிற் பிறந்த சிசு ஒன்று கடத்தப்படுகின்றது. பம்பாயில் அந்நியரிடம் வளர்கின்றது. பின்னர் கல்கத்தா செல்கின்றது. ஈற்றில் தாயகம் மீண்டு பெற்றோரையும் 'பே' என்னும் பட்டத்தையும் அடைகின்றது.

இதில் அச்சத்துக்குக் குறைவில்லை. ஆயினும் இது திகில் கதையா?

ஜின்னோ பேயோ வந்தாற்றான் திகில் என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. ஆயிரத்தோர் இரவுகளில் ஜின்கள் பல வருகின்றன. கேட்போர் வியக்கின்றனரேயன்றி நடுங்குவதில்லை. ஜின் இறைவனின் படைப்புகளில் ஒன்றென நம்பும் முஸ்லிம் வாசகருக்கு அதன் வருகை உலக ஒழுங்கின் முறிவும் அன்று. மறுபுறம், மேரி ஷெல்லி 1818 இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' நாவலில் பேயே இல்லை. கற்றறிந்த ஒருவன் தன் கையாற் செய்ததே அவனைத் துரத்துகின்றது. முடிவில் அவனுக்குப் புகலிடம் கிட்டுவதுமில்லை.

எனவே, கதையில் எது வருகின்றது என்பதைவிட, வாசகனிடமிருந்து பறித்த பாதுகாப்பைக் கதை திருப்பித் தருகின்றதா என்பதே எமக்கு முக்கியமாகப் படுகின்றது. வீரசாகசக் கதைக்கு அச்சம் கடந்து செல்லும் வழி; திகில் கதைக்கோ அச்சமே சென்றடையும் இடம். தான் யாரென்றே அறியாது வளரும் பிள்ளையின் நிலை எந்தப் பூதத்தைவிடவும் கொடியது. திகில் எழுத்தாளர் ஒருவர் அந்த இருளிலேயே நின்றிருப்பார். சித்திலெப்பை நிற்கவில்லை, பிள்ளையை வீடு சேர்க்கின்றார். ஆதலால் அசன்பே சரித்திரம் திகில் கதையாகாது. திகிலுக்குரிய விதை மாத்திரம் அதனுள் கிடக்கின்றது.

இதைக் குறையென்று நாம் கூறமாட்டோம். சமூகத்தின் அறியாமையை நீக்கப் பத்திரிகை நடத்தியவர், வாசகனை அச்சத்திலே விட்டுச் செல்ல விரும்பியிருப்பாரா என்பது ஐயமே. நீதிமன்றத்திற் பழகியவருக்கு மனிதர் இழைக்கும் தீங்கே கதைக்குப் போதுமாயிருந்தது போலும்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' இலண்டனில் வெளியான 1897 ஆம் ஆண்டிலேயே, பிரபஞ்ச இரகசியங்கள் எனப் பொருள்படும் 'அஸ்ராறுல் ஆலம்' என்ற நூலைச் சித்திலெப்பை வெளியிட்டார். கண்ணுக்குப் புலப்படாதவற்றை அங்கே ஒருவர் நடுக்கத்துக்குரியதாக்க, இங்கே மற்றொருவர் ஞானத் தேடலுக்குரியதாக்கினார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 5 ஆம் திகதி அன்னார் காலமானார். அவர் பெயர் தாங்கிய பாடசாலை இன்றும் கண்டியில் உண்டு. அங்கு பயிலும் மாணவர் கையில் அசன்பேயின் கதை எட்டியிருக்கின்றதா என்பதை ஆசிரியர்களே கூறவேண்டும்.