சோடாக் கடை நடத்திப் பல் கல்லூரி கண்டவர்
டாக்டர் ரபியுதீன் அகமதுவின் வாழ்க்கை

பல் போனால் சொல் போச்சு என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். ஆனால் பல்லைக் காக்கும் வித்தையைக் கற்றுத் தர, 1920 வரையில் இந்த நாட்டில் ஒரு கல்லூரி கூட இல்லை. பல் வலித்தால் சந்தையில் துணி விரித்து உட்கார்ந்திருப்பவனிடம் போவார்கள். அவன் குறடு போட்டுப் பிடுங்குவான். பலருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அந்த நிலையை மாற்றிய பெருமை டாக்டர் ரபியுதீன் அகமதுவைச் சேரும். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

கடல் கடந்து கற்றார்

அவர் 1890ம் ஆண்டு டிசம்பர் 24ந் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அலிகாரில் படித்துவிட்டு, 1909ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஐயோவா பல்கலைக் கழகத்தில் 1915ல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். முதல் உலக யுத்த காலத்தில் பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கென்றே ஏற்பட்ட போர்சைத் பல் மருத்துவ நிலையத்தில் 1918 வரை பணியாற்றினார். அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1919ல் தாயகம் திரும்பினார்.

இனிப்பு கொடுத்த பணம்

மறு ஆண்டே கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். பணத்துக்கு என்ன செய்வது? நியூயார்க் சோடா பவுண்டன் என்ற பெயரில் ஒரு பானக் கடை வைத்தார். அதில் வந்த வருமானம் கல்லூரிக்குப் போயிற்று. இனிப்புப் பானம் பல்லுக்குப் பகை. அந்தப் பகையிடமே காசு வாங்கிப் பல்லைக் காத்த கெட்டிக்காரர் அவர்! ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா அங்கே படித்தவர்தான். 1923ல் அந்த அம்மையார் பம்பாயில் சொந்தமாகப் பல் வைத்திய நிலையம் திறந்தார்.

கல்லூரியோடு அவர் ஓயவில்லை. 1925ல் பல் மருத்துவத்துக்கென ஒரு பத்திரிகை தொடங்கினார். 1928ல் மாணவர்களுக்குப் பாட நூல் எழுதினார். போலி வைத்தியரை ஒழிக்கச் சட்டம் வேண்டுமென்று பாடுபட்டார். 1939ல் வங்காளத்திலும், 1948ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 1949ல், பாடுபட்டு வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க சர்க்காருக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். பிறகு அந்த மாநிலத்தில் மந்திரியாகவும் இருந்தார். 1964ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1965 பிப்ரவரி 9ந் தேதி காலமானார்.

நமக்கு என்ன பயன்?

அவர் போட்ட விதை இன்று எங்கும் முளைத்திருக்கிறது. சென்னையில் 1953ல் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. இப்போது சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஆயினும் நம்மில் பலர் பல் ஆடத் தொடங்கிய பிறகே டாக்டரைத் தேடுகிறோம்.

ஈறு நோய் வலியில்லாமல் வரும் திருடன். பல்லின் அடியில் படியும் அழுக்கை அன்றன்று நீக்காவிட்டால், அது காரையாக இறுகிவிடும். ஈறு சிவந்து வீங்கும். பல் துலக்கும்போது ரத்தம் கசியும். இந்த நிலையில் கவனித்தால் முழுக்கக் குணமாகும். விட்டுவிட்டால் ஈறு பல்லை விட்டு விலகும். உள்ளே எலும்பு கரையும். கரைந்த எலும்பு பழையபடி முழுதும் வளர்வது அரிது.

இறுகிய காரை பிரஷுக்கும் போகாது, வேப்பங்குச்சிக்கும் போகாது. டாக்டர்தான் கருவி கொண்டு நீக்க வேண்டும். அப்படிச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது வீண் பயம். காரைதான் பல்லை ஆட்டுகிறது, சுத்தம் ஆட்டுவதில்லை. செங்கல் பொடியும் சாம்பலும் பல்லைத் தேய்த்துவிடும்.

இரவு பகலாக லாரி ஓட்டும் நாமக்கல் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. விழித்திருக்கப் பிடிக்கும் பீடியும், அடக்கும் புகையிலையும் ஈறு நோயை வளர்க்கும். புகை பிடிப்பவருக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும்; நோய் மறைந்திருந்து முற்றும். நீரிழிவுக்காரர்களும் உஷாராக இருக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையை அடக்குவது கடினமாகும்.

காலையும் இரவும் பல் துலக்குங்கள். ஈறில் ரத்தம் கண்டால் தள்ளிப் போடாமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் அகமது பிறந்த டிசம்பர் 24, நம் நாட்டில் பல் மருத்துவர் தினம். பல்லைக் காட்ட அந்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்!