எம்டனைச் செலுத்திய கார்ல் வான் முல்லர்

துணிச்சலும் தந்திரமும் மிக்க ஒருவரை நம் பக்கத்தில் எம்டன் என்று சொல்வது வழக்கம். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதைப் பலர் அறிவர். அக்கப்பலை நடத்தியவரை அறிந்தவர் சிலரே. மணலி புதுநகரிலிருந்து கல்லூரிக்கு வரும் எனக்குச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்த் தொட்டிகளைக் காணும்போதெல்லாம் அவர் நினைவு வந்துவிடும்.

கார்ல் வான் முல்லர் 1873ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஹனோவர் நகரில் பிறந்தார். தந்தையார் பிரஷ்யத் தரைப்படையில் கர்னல். மகனும் முதலில் இராணுவப் பள்ளியிலேயே சேர்ந்தார். 1891இல் கடற்படைக்கு மாறினார். கிழக்கு ஆப்பிரிக்கப் பணியின்போது பற்றிய மலேரியா அவரைப் பின்னாளிலும் விடவில்லை. 1913இல் எம்டன் அவர் பொறுப்பில் வந்தது.

அவரைக் கேப்டன் முல்லர் என்றே நம்மவர் எழுதி வருகின்றனர். கப்பலுக்குத் தலைவர் எவராயினும் பேச்சில் கேப்டன்தான். ஆனால் எம்டனில் அவர் வகித்த பதவி ஃபிரிகேட் கேப்டன். பாய்மரக் காலத்தில் சிறியது கொர்வெட், அதனினும் பெரியது ஃபிரிகேட். அக்கப்பல்களின் பெயராலேயே ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் பதவிகளை வழங்கினர். ஃபிரிகேட் கேப்டன் பிரிட்டிஷ் கடற்படையின் கமாண்டருக்குச் சமம். முழுக் கேப்டனுக்கு ஒரு படி கீழே. இன்னொரு குழப்பமும் உண்டு. தரைப்படைக் கேப்டன் இளம் அதிகாரி. கடற்படைக் கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்கு நிகரானவர். நம் இந்தியப் படைகளிலும் இதுவே முறை. தேசிய மாணவர் படையில் உள்ள நம் நண்பர்களே இதில் தடுமாறுவதுண்டு!

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. வைஸ் அட்மிரல் ஸ்பீயின் அணியிலிருந்து பிரிந்த எம்டன், போலியாக ஒரு புகைபோக்கியை நாட்டி, பிரிட்டிஷ் கப்பல்போல் வேடமிட்டு வங்கக் கடலுக்குள் புகுந்தது. செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்தின்மீது சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. குறைந்தது ஐந்து பேர் மாண்டனர். மக்கள் மூட்டை முடிச்சுடன் நகரைவிட்டு ஓடினர். பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிய பின்னரே மூழ்கடிப்பவர் என்று எதிரிகளும் முல்லரைப் போற்றினர். உண்மைதான், ஆயினும் அந்த ஐந்து உயிர்களையும் சேர்த்தே அப்புகழை நிறுக்க வேண்டும் என்பேன்.

அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்தில் ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை எம்டன் வீழ்த்தியது. அதன் தலைவர் செர்காசோவ் அப்போது கரையில் இருந்தார். இரண்டாம் தரக் கேப்டன் என்ற அவரது பதவி முல்லரின் பதவிக்கு நேர் சமம். இராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பின் அவர் பதவியையும் பதக்கங்களையும் இழந்து சாதாரண மாலுமியாக்கப்பட்டார். அன்றே மூழ்கிய பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயின் தலைவர் பதவியில் வெறும் லெப்டினன்ட். அது சிறிய கப்பல். அதற்கு அந்தப் பதவி போதும். அவர் தம் கப்பலோடு உயிர் நீத்தார்.

நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை எதிர்கொண்டது. அதை நடத்திய கிளாசப் உண்மையிலேயே கேப்டன் பதவியினர். சிட்னியின் பீரங்கிகளோ எம்டனுடையவற்றைவிடப் பெரியவை. வேறு வழியின்றி முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றிவிட்டார். அவருடைய ஆட்களில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிறைப்பட்ட அவர் தம் வாளை வைத்துக்கொள்ள ஆங்கிலேயர் அனுமதித்தனர்.

மால்டாவிலும் இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். 1917இல் சுரங்கம் தோண்டி இருபத்திரண்டு பேர் தப்பியபோது அவரே தலைமை தாங்கினார், விரைவில் பிடிபட்டார். பழைய மலேரியா வாட்டவே 1918இல் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, பின் தாயகம் திரும்பினார். அப்போதுதான் முழுக் கேப்டன் ஆனார். அதாவது, தந்தையின் பதவிக்கு நிகரான படியை எட்டினார். ஆனால் செலுத்த அவருக்குக் கப்பல் இல்லை. 1919இல் ஓய்வு பெற்றார். எம்டனைப் பற்றி நூல் எழுத மறுத்துவிட்டார். பிரன்ஸ்விக் சட்டமன்ற உறுப்பினராக இருந்து, 1923 மார்ச் 11இல், ஐம்பது வயது நிறையுமுன் காலமானார்.