ஐசியூவில் இன்னொரு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தலாமா? நாய் இதயத்தில் விடை தேடிய ஸ்டார்லிங்... யார் இவர்?

செப்டிக் ஷாக் என்றால், கிருமித்தொற்று முற்றி பி.பி. தாறுமாறாக இறங்கிவிடும் நிலை. உடனே டிரிப்ஸ் ஏத்துவாங்க. ஆனால் டிரிப்ஸ் போட்டதும் இதயம் கூடுதல் ரத்தத்தை அனுப்புவது சுமார் பாதிப் பேருக்குத்தான். மத்தவங்களுக்கு அந்த நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டு, மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம்.

யாருக்குப் பலன் கிடைக்கும்னு முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி? அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்.

1866-ல் லண்டனில் பிறந்தார். வக்கீலான அப்பாவுக்கு பம்பாயில் வேலை. கைஸ் மருத்துவமனையில் டாக்டருக்குப் படித்தாலும், மனசெல்லாம் ஆய்வுக்கூடத்தில்தான். தங்கையை மணந்த பேலிஸ்தான் ஆய்விலும் கூட்டாளி. இன்று எல்லோர் வாயிலும் புரளும் 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-ல் அறிமுகப்படுத்தியதும் ஸ்டார்லிங்தான்!

இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகளுக்குக் கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1903-ல் அவதூறு வழக்குப் போட்டு பேலிஸ் ஜெயித்தார். ஆனாலும் மக்களின் கோபம் அடங்க வருஷக்கணக்கானது.

அதற்கு முன்பே, 1896-ல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லியிருந்தார் ஸ்டார்லிங். நுண்ணிய ரத்தக்குழாய்களில் ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளும். ரத்தத்திலுள்ள புரதம் அதை உள்ளே இழுத்துப் பிடிக்கும். செப்டிக் ஷாக்கில் குழாய்ச் சுவர் கசிவதால் இந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. ஏத்துற டிரிப்ஸ் உள்ளே தங்காததற்கு இதுவே பெரிய காரணம்.

பிறகு, 1914. நாயின் இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் தனியே இயங்கவைத்து, உள்ளே வரும் ரத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இதயம் விரிய விரிய, இன்னும் வலுவாகச் சுருங்கியது. ஒரு எல்லைக்கு மேல்? எவ்வளவு ஊற்றினாலும் பிரயோஜனமில்லை. ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்தில் இதைப்போல ஏற்கெனவே பார்த்திருந்ததால், இதற்கு ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதி என்று பெயர்.

இன்று ஐசியூவில் நோயாளியின் காலை 45 டிகிரி தூக்கிப் பார்க்கிறார்களே, அது இந்த விதியை வைத்துத்தான். கால்களிலிருந்து சுமார் 300 மி.லி. ரத்தம் இதயத்துக்குப் போகும். ஒரு நிமிஷத்துக்குள் இதயம் வெளியேற்றும் ரத்தம் 10 சதவீதமாவது கூடினால், டிரிப்ஸ் பலன் தரும் என்று அர்த்தம். கூடலையா? வேறு வழி பார்க்கணும். காலை இறக்கினால் ரத்தம் திரும்பிவிடும். ஏத்தின பாட்டிலை அப்படித் திரும்ப எடுக்க முடியாதே!

ஸ்டார்லிங்குக்கு நோபல் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை. புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் ஆய்வை விடவில்லை. 1927 மே மாதம் கப்பல் பயணத்தில், ஜமைக்காவின் கிங்ஸ்டன் அருகே உயிர் பிரிந்தது. உடல் அந்தத் தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.