பானெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பெயர்: யார் இந்த மெக்ஃபர்சன்?

டொயோட்டா 86 கார் ஒன்றின் பானெட்டைத் திறந்தால் எல்லாரும் முதலில் என்ஜினைத்தான் பார்ப்பார்கள். ஒருமுறை ஓரத்தைப் பாருங்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு வட்டமான மேடுகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் சில போல்ட்டுகள் தெரியும்.

காரை மாற்றியமைப்பதில் ஆர்வம் உள்ளவருடைய கார் என்றால், அந்த மேட்டின் மேல் பளபளவென்று ஒரு அலுமினியத் தகடு உட்கார்ந்திருக்கும். அதில் நீளவாக்கில் வெட்டிய துளைகளும், டிகிரி அளவு காட்டும் சின்னச் சின்னக் கோடுகளும் இருக்கும். அதுதான் கேம்பர் பிளேட். சில நூறு வெள்ளி கொடுத்து வாங்கும் பொருள். கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது இருக்காது.

ஏன் இருக்காது? அதற்கு 1940களில் டெட்ராய்ட்டில் வேலை பார்த்த ஒரு பொறியாளரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் பெயர் ஏர்ல் மெக்ஃபர்சன். ஸ்போர்ட்ஸ் கார் அவர் மனத்தில் இல்லவே இல்லை. ஆயிரம் டாலருக்குள் ஒரு குடும்பக் கார் செய்ய முடியுமா என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி.

விமான என்ஜினிலிருந்து செவர்லே வரை

மெக்ஃபர்சன் 1891இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஹைலேண்ட் பார்க் என்ற ஊரில் பிறந்தார். 1915இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். நேராக டெட்ராய்ட். சால்மர்ஸ் கார் நிறுவனத்தில் வேலை.

முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் விமான என்ஜின்களோடு பழகினார். திரும்பி வந்த பிறகு லிபர்ட்டி, ஹப் என்று இரண்டு கார் நிறுவனங்கள். இந்த மூன்று நிறுவனங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. அந்தக் காலத்து டெட்ராய்ட் அப்படித்தான்.

1934இல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். சீக்கிரமே அதன் செவர்லே பிரிவில் வடிவமைப்புப் பொறுப்புக்கு வந்துவிட்டார்.

விற்பனைக்கே வராத கார்

இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம். போருக்குப் பிறகு மக்கள் கையில் காசு இருக்காது, சின்ன கார்தான் கேட்பார்கள் என்று ஜெனரல் மோட்டார்ஸ் நினைத்தது. 1945இல் சிறிய கார் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மெக்ஃபர்சனைத் தலைமைப் பொறியாளர் ஆக்கியது. அந்தக் காருக்கு வைத்த பெயர் செவர்லே கேடட்.

விலை ஆயிரம் டாலருக்குள், எடை சுமார் ஆயிரம் கிலோ. இவைதான் இலக்கு. அன்றைய அமெரிக்கக் கார்களோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் குறைவான எடை.

மலிவான கார் என்றால் எல்லாவற்றிலும் கை வைப்பார்கள், இல்லையா? மெக்ஃபர்சன் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நான்கு சக்கரங்களும் ஒன்றையொன்று இழுக்காமல் தனித்தனியாக மேலும் கீழும் போகவேண்டும் என்று விரும்பினார். அன்று பின் சக்கரங்களுக்கு அப்படிச் செய்வதே அரிது. மலிவுக் காரில் அதைச் செய்வது எப்படி?

அங்கேதான் அவருடைய யோசனை வருகிறது.

அப்படி என்ன செய்தார்?

சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள அப்போது வழக்கமாக இரண்டு கைகள் இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஸ்பிரிங் தனி, அப்சார்பர் தனி. பாகங்கள் அதிகம், இணைப்புகள் அதிகம், செலவும் அதிகம்.

மெக்ஃபர்சன் மேல் கையை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அப்சார்பரையே கனமான ஒரு தூணாக மாற்றினார். அதன் அடிப்பகுதி சக்கரத்தோடு கெட்டியாகச் சேர்ந்திருக்கும். அதைச் சுற்றி ஸ்பிரிங். தூணின் உச்சி, காரின் உடலில் ஒரே ஓர் இடத்தில் போய்ப் பொருந்தும். பானெட்டுக்குள் பார்த்தோமே, அந்த மேடு. அதுதான் இடம்.

அதிர்வைத் தாங்குவது, எடையைச் சுமப்பது, சக்கரத்தை நேராக நிறுத்துவது என்று மூன்று வேலையையும் ஒரே தூண் பார்த்துக்கொள்கிறது. முன் சக்கரம் திரும்பும்போது தூணும் சேர்ந்து சுழலும். இதற்குத்தான் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்று பெயர்.

இந்த எண்ணம் அவருக்கு மட்டும்தான் தோன்றியதா என்றால், இல்லை. 1920களிலேயே இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தில் குய்டோ ஃபோர்னாக்கா இதே போன்ற ஓர் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அதை லட்சக்கணக்கில் தயாரிக்கக்கூடிய ஒன்றாக ஆக்கியவர் மெக்ஃபர்சன். பெயர் அவருக்கு நின்றதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேடட் சோதனைக் கார்கள் தயாராகி ஓடின. ஆனால் போருக்குப் பிறகு நடந்தது வேறு. மக்கள் கையில் காசு இருந்தது! பெரிய கார்களையே வரிசையில் நின்று வாங்கினார்கள். எஃகு போன்ற பொருள்களுக்குத்தான் பஞ்சம். இருக்கிற எஃகில் லாபம் அதிகம் தரும் காரைச் செய்யாமல் யாராவது சின்ன காரைச் செய்வார்களா? 1947 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் திட்டத்தை மூடிவிட்டது.

மெக்ஃபர்சனுக்கு அப்போது 55 வயது. இரண்டு ஆண்டு உழைப்பு ஒரே அறிவிப்பில் போனது. அதே ஆண்டு போட்டி நிறுவனமான ஃபோர்டுக்குப் போய்விட்டார்.

ஃபோர்டில் என்ன நடந்தது?

கதை இங்கே கொஞ்சம் சுவாரஸ்யமாகிறது. கேடட் காலத்து அமைப்புக்கான காப்புரிமை மனு 1947 மார்ச் மாதம் போடப்பட்டிருந்தது. அதன் உரிமை ஜெனரல் மோட்டார்ஸுக்கு. கண்டுபிடித்தவர் அவர், சொந்தக்காரர் நிறுவனம். ஆகவே, ஃபோர்டில் அதே எண்ணத்தை மாற்றி அமைத்து, 1949இல் இன்னொரு மனு போட்டார். இரண்டுக்கும் 1953இல்தான் காப்புரிமை கிடைத்தது. ஒரே மனிதர், ஒரே எண்ணம், இரண்டு எதிரி நிறுவனங்களின் பெட்டியில் ஆளுக்கொன்று!

ஸ்ட்ரட் முதலில் சாலைக்கு வந்தது அமெரிக்காவில் இல்லை. பிரிட்டனில்தான் வந்தது. 1950 லண்டன் கார் கண்காட்சியில் காட்டிய ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில். இந்தப் பிரிட்டிஷ் கார்கள்தான் அதைப் பரவலாக்கின.

1952இல் மெக்ஃபர்சன் ஃபோர்டின் தலைமைப் பொறியாளர் ஆனார். பதவி கையில் இருந்தும், அவர் காலத்தில் அமெரிக்காவில் செய்த பெரிய ஃபோர்டு கார்களுக்கு ஸ்ட்ரட் போகவில்லை. பெரிய காரில் இடத்துக்கும் பஞ்சமில்லை, விலைக்கும் பஞ்சமில்லை. 1958இல் ஓய்வு பெற்றார். 1960இல் காலமானார். அமெரிக்கக் கார்களில் அவருடைய ஸ்ட்ரட் பரவலாக வந்தது 1970களின் கடைசியில்தான். எண்ணெய் நெருக்கடி வந்து எல்லாரும் சின்ன காரைத் தேடத் தொடங்கிய பிறகு!

சரி, கேம்பர் பிளேட் எதற்கு?

சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சாயும். இரண்டு கை உள்ள அமைப்பில், மேல் கையைக் குட்டையாக வைத்தால் சக்கரம் அந்தச் சாய்வை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். ஸ்ட்ரட்டில் மேல் கையே இல்லையே! அதனால் வெளிப்பக்கச் சக்கரமும் உடலோடு சேர்ந்து சாய்கிறது. டயரின் வெளி விளிம்பு மட்டும் சாலையைக் கவ்வுகிறது. பிடிமானம் குறைகிறது.

வேலைக்கும் கடைக்கும் போய்வரும் காருக்கு இது பெரிய விஷயமே இல்லை. பந்தயத் தடத்தில் ஓட்டுபவருக்குப் பெரிய விஷயம்.

அதற்குத் தீர்வு ரொம்ப எளிது. தூணின் உச்சியை முன்கூட்டியே உள்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்துவிட்டால், வளைவில் கார் சாயும்போது சக்கரம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் தொழிற்சாலை உச்சியை ஒரே இடத்தில் பூட்டியிருக்கிறதே. அந்தப் பூட்டைத் திறப்பதுதான் கேம்பர் பிளேட். போல்ட்டைத் தளர்த்தி, உச்சியை நகர்த்தி, மறுபடி இறுக்கலாம். தடத்தில் ஓட்டுபவர்கள் பொதுவாக 2 முதல் 3 டிகிரி வரை உள்பக்கம் சாய்ப்பார்கள்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். தொழிற்சாலை வைத்த மவுண்ட்டில் தடிமனான ரப்பர் இருக்கும். சாலையின் அதிர்வை அது விழுங்கிவிடும். விற்கப்படும் பல பிளேட்டுகளில் ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு. ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும், உண்மைதான். கூடவே டொக் டொக் என்று சத்தமும் வரும். மழையும் தூசியும் பட்டால் மூட்டு தேயும். தினமும் நெடுஞ்சாலையில் ஓட்டும் காரில் அதிகம் சாய்த்து வைத்தால் டயரின் உள் விளிம்பும் சீக்கிரம் தேயும்.

மாட்டியதோடு வேலை முடிவதில்லை. உச்சியை நகர்த்தினால் சக்கரம் பார்க்கும் திசையும் மாறும். எனவே அலைன்மென்ட் கட்டாயம். அதை விட்டுவிட்டு டயரைக் குறை சொல்வோர் உண்டு. உங்கள் நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதிகளையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

சாலையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் பல கார்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. தூணின் அடிப்பகுதியில் மாட்டும் கேம்பர் போல்ட். நகர்த்தும் அளவு குறைவு. ஆனால் விலை மலிவு, ரப்பரும் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

இன்று யார் காரில் எல்லாம் இருக்கிறது?

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவின் முன் சக்கரங்களில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். பெரோடுவா மைவியிலும் அதே. இவை மெக்ஃபர்சன் செய்ய நினைத்த மாதிரி கார்கள்தான்.

ஆச்சரியம் போர்ஷ 911. மலிவுக் காருக்காக யோசித்த தூண், 1960களிலிருந்து அந்த விலையுயர்ந்த காரின் முன்பக்கத்தில் இருக்கிறது. 2021இல் வந்த 911 ஜிடி3 மாடலில்தான் போர்ஷ அதை எடுத்துவிட்டு, முன்பக்கம் மறுபடி இரண்டு கைகளை வைத்தது.