சிசிலி சாண்டர்ஸ் அம்மையார்

நோயைத் தீர்ப்பது மருத்துவத்தின் கடமை. தீராத நோய்வாய்ப்பட்டு, இறுதி நாளை எதிர்நோக்கிக் கிடப்பார்க்குச் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்கு, இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரையில், மருத்துவ உலகம் தக்க விடை காணவில்லை. சமயத் துறவியர் நடத்திய சில இல்லங்களில் அத்தகையோர் பேணப்பெற்றனர். பிற இடங்களிலோ, மருந்து பயன்படாது என்று கண்டவுடன் மருத்துவர் பலர் அவர்தம் படுக்கையை விட்டு அகன்றனர். அவ்வாறு கைவிடப்பட்டோரை அணுகி, அவர்தம் துன்பத்தைக் கேட்டறிந்து, அதனைத் தணிக்கும் நெறியை உலகிற்கு உணர்த்திய பெருமை சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரைச் சாரும்.

சிசிலி, இலண்டன் மாநகரை அடுத்த பார்னெட் என்னும் ஊரில், 1918 ஆம் ஆண்டு சூன் திங்கள் 22 ஆம் நாள் பிறந்தார். அவர்தம் குடும்பம் வளம் மிக்கது. நெடிய உருவமும் கூச்ச இயல்பும் உடைய அவர், பள்ளியில் தோழியர் மிகுதியின்றித் தனித்திருந்தார். தனிமையின் துயரை இளமையிலேயே அறிந்த அந்நெஞ்சம், பிறர் தனிமையைக் கண்டு பின்னாளில் இரங்கியதில் வியப்பில்லை.

1938 ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் அவர் கல்வி தொடங்கினார். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. போர்க்காலத்தில் ஏட்டுக் கல்வியில் ஆழ்ந்திருக்க அவர் உள்ளம் ஒருப்படவில்லை. ஆதலின், 1940 ஆம் ஆண்டு செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியை மேற்கொண்டார். பயிற்சியில் தேறினாரெனினும், முதுகுவலி அவரை விடாது வருத்தியது. நோயாளரைத் தூக்கியும் தாங்கியும் செய்யும் பணி அவர்க்கு இயலாததாயிற்று. விரும்பிய தொழில் கைவிட்டுப் போயினும் அவர் மனம் தளரவில்லை. ஆக்ஸ்போர்டிற்கு மீண்டு சமூக நலத் துறையில் தேர்ச்சி பெற்று, 1947 ஆம் ஆண்டு மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். நோயாளரின் குடும்ப நிலையையும் பொருள் முட்டுப்பாட்டையும் கேட்டறிந்து, வேண்டிய உதவிகளை ஒழுங்குசெய்து தருவது அப்பணி.

அப்பணியில் அவர் சந்தித்த நோயாளருள் ஒருவர் டேவிட் டாஸ்மா. போலந்து நாட்டு யூதராகிய அவர், உணவு விடுதியில் பரிமாறும் தொழில் செய்து வந்தார். அயல்நாட்டில் உற்றார் உறவினர் இன்றி, நாற்பது வயதளவில் புற்றுநோயால் மாண்டுகொண்டிருந்தார். தம் வாழ்வு பயனின்றிக் கழிந்ததே என்பது அவர்தம் பெருங்கவலை. சிசிலி அவரை அடிக்கடி சென்று கண்டு உரையாடினார். வலியின்றி, அமைதியாக, அன்புடையார் சூழ உயிர் நீப்பதற்கு ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வுரையாடல்களில் அரும்பியது. 1948 ஆம் ஆண்டு டாஸ்மா உயிர் நீத்தார். தாம் சேர்த்துவைத்த 500 பவுனைச் சிசிலிக்கு அளித்து, வருங்கால இல்லத்தில் ஒரு சாளரமாகத் தாம் விளங்க வேண்டும் என்ற விருப்பத்தையும் அவர் விட்டுச் சென்றார்.

அதன்பின் சிசிலி, செயின்ட் லூக் இல்லத்தில் ஊதியமின்றித் தொண்டாற்றினார். அங்கு, வலி மீண்டும் எழுமுன் குறித்த காலத்தில் மருந்து கொடுக்கும் வழக்கத்தைக் கண்டார். இம்முறை எங்கும் பரவ வேண்டும் என்று விழைந்தார். ஆயின், சமூகப் பணியாளரின் சொல்லை மருத்துவர் ஏற்பாரோ? தாமே மருத்துவராதல் வேண்டும் என்று நார்மன் பாரெட் என்னும் அறுவை மருத்துவர் அவர்க்கு அறிவுரை கூறினார். முப்பத்து மூன்றாம் வயதில், தம்மினும் இளையாரோடு ஒருங்கமர்ந்து அவர் மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1957 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு முதல், துறவியர் நடத்திய செயின்ட் ஜோசப் இல்லத்தில் ஆய்வு மேற்கொண்டார். மார்பின் என்னும் மருந்து நோயாளரைப் போதைக்கு அடிமையாக்கும் என்று அக்கால மருத்துவர் அஞ்சினர். வலி பொறுக்கலாகாது கதறிய பின்னரே அதனைக் கொடுத்தனர். சிசிலியோ, அளவறிந்து, காலந்தவறாது கொடுப்பின் வலி அடங்கும், அறிவும் தெளிவாக இருக்கும் என்பதை, ஆயிரத்திற்கு மேற்பட்ட நோயாளரின் குறிப்புகளைத் திரட்டி நிறுவினார். மேலும், துன்பம் உடலளவில் நிற்பதன்று. மனக் கவலையும், குடும்பத்தைப் பற்றிய ஏக்கமும், உயிரைப் பற்றிய ஐயமும் அதனோடு பின்னிக் கிடப்பன என்றும் விளக்கினார். இதனை அவர் முழுமைத் துன்பம் எனக் கொண்டார். செவிலியராகவும், சமூகப் பணியாளராகவும், மருத்துவராகவும் வாழ்ந்த ஒருவர்க்கன்றோ இம்முழு நோக்கு வாய்க்கும்!

1967 ஆம் ஆண்டு, இலண்டனின் தென்கிழக்குப் பகுதியாகிய சிடனாமில், செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை அவர் திறந்தார். வழிச்செல்வோரைக் காப்பவர் எனக் கிறித்தவர் போற்றும் அடியாரின் பெயர், இறுதிப் பயணம் செல்வோரின் இல்லத்திற்கு இடப்பெற்றது. நோயாளரைப் பேணுதல், ஆய்வு, பயிற்சி ஆகிய மூன்றும் ஆங்கு ஒருங்கே நிகழ்ந்தன. மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் ஒரு குழுவாய் இயங்கினர். 1969 ஆம் ஆண்டு முதல் நோயாளரின் வீட்டிற்கே சென்று பேணும் முறையும் தொடங்கியது. டாஸ்மாவின் சாளரம் அவ்வில்லத்தில் இடம் பெற்றது. அச்சாளரத்தைச் சூழ ஓர் இல்லம் எழுப்பச் சிசிலிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின!

அவ்வில்லத்தைப் பின்பற்றிப் பல நாடுகளில் ஹாஸ்பிஸ் எனப்படும் இல்லங்கள் தோன்றின. நம் நாட்டிலும் 1986 ஆம் ஆண்டு மும்பை நகரில் சாந்தி ஆவேத்னா சதன் தொடங்கப் பெற்றது. 1981 ஆம் ஆண்டு டெம்பிள்டன் பரிசும், 1989 ஆம் ஆண்டு ஆங்கில நாட்டின் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்னும் உயர் சிறப்பும் அம்மையாரை நாடி வந்தன. புற்றுநோயுற்ற அவர், 2005 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14 ஆம் நாள், தாம் நிறுவிய இல்லத்திலேயே, தாம் வகுத்த நெறியிலேயே பேணப்பெற்று, 87 ஆம் வயதில் உயிர் நீத்தார்.

பிணியை நீக்க இயலாவிடத்தும் துன்பத்தைக் குறைக்க இயலும்; ஆயுளை நீட்ட இயலாவிடத்தும் எஞ்சிய நாட்களுக்குப் பொருள் தர இயலும். இவ்வுண்மையைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் சிசிலி அம்மையார். ஏழைத் தொழிலாளர் ஒருவரின் மனத்துயரைச் செவிமடுத்த சிறு செயல், எண்ணற்றோரின் கண்ணீரைத் துடைக்கும் பேரறமாக வளர்ந்தது. நலிந்தார் பக்கத்தில் நின்று அவர் சொல்லைப் பொறுமையுடன் கேட்பது, அனைவரும் செய்யக்கூடிய அறமன்றோ!