ரத்தம் கக்கிய காலையிலும் ஆபீஸ் போனவர்: லீவு லெட்டர்களில் கழிந்த காஃப்காவின் கடைசி ஆண்டுகள்

1917 ஆகஸ்ட் மாதம். பிராக் நகரில் ஒரு பழைய மாளிகையின் வாடகை அறை. விடியற்காலை நான்கு மணி வாக்கில் தூக்கம் கலைந்து எழுந்த 34 வயதுக்காரருக்கு வாயெல்லாம் ரத்தம். எழுந்து போய்த் துப்புகிறார், நிற்கவில்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கிறார், அறைக்குள் நடக்கிறார், கட்டிலில் உட்காருகிறார். வெகுநேரம் கழித்துதான் ரத்தம் நின்றது. பிறகு படுத்துத் தூங்கிவிட்டார். காலையில் வேலைக்கு வந்த பணிப்பெண் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இனி அதிக நாள் இல்லை என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல ஆபீஸுக்குக் கிளம்பிப் போனார். டாக்டரைப் பார்க்கப் போனது ஆபீஸ் முடிந்து, மதியத்துக்கு மேல்.

அவர் பெயர் ஃபிரான்ஸ் காஃப்கா. 'உருமாற்றம்', 'விசாரணை', 'கோட்டை' எழுதிய, உலகமே கொண்டாடும் எழுத்தாளர். இந்தப் புகழில் பெரும்பகுதி அவர் இறந்த பிறகு வந்தது. உயிரோடு இருந்தவரை பிராக்கில் பலருக்கும் அவர் ஒரு இன்ஷூரன்ஸ் அதிகாரி, அவ்வளவுதான். உடம்பு சரியில்லாத தொழிலாளிக்கு எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று கணக்குப் பார்க்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவர், பிறகு தானே லீவு கேட்டு அதே மேஜைக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தது.

சர்டிஃபிகேட் கொடுத்து விட்ட முதல் வேலை

1883 ஜூலை 3இல் பிராக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஹெர்மான், ஃபேன்சி பொருள்கள் விற்கும் கடைக்காரர், கண்டிப்பானவர். 1906இல் சட்டத்தில் டாக்டர் பட்டம். 1907இல் 'அசிகுராசியோனி ஜெனராலி' என்ற இத்தாலிய இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பிராக் கிளையில் சேர்ந்தார். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணி வரை வேலை. சில நாள் அதற்கு மேலும். எழுத நேரமே இல்லை.

ஒன்பது மாதத்துக்குள் வேறு வேலை பார்த்துக்கொண்டார். ராஜினாமாவுக்கு அவர் காட்டிய காரணம் உடல்நலம். நரம்புத் தளர்ச்சி, இதயப் படபடப்பு என்று டாக்டர் சர்டிஃபிகேட்டும் வைத்தார். அடுத்த சில நாளில், 1908 ஜூலை 30இல், புது ஆபீஸில் சேர்ந்தார். இன்று 'பேப்பர் போடும்போது' ஹெச்.ஆரிடம் எல்லா உண்மையையும் சொல்லாமல் விடுகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

புது ஆபீஸ், பொஹீமியா ராஜ்ஜியத்தின் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம். அரசின் சட்டப்படி நடப்பது. காலை எட்டு முதல் மதியம் இரண்டு வரைதான் வேலை. யூதர்களுக்கு அங்கே இடம் கிடைப்பது அபூர்வம். பள்ளித் தோழரின் அப்பா அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்ததால் கதவு திறந்தது.

விரல் போனவர்களின் ஃபைல்கள்

ஆஸ்திரியாவில் 1880களின் இறுதியில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தொழிலாளிக்கான விபத்துக் காப்பீடு, இன்னொன்று நோய்க் காப்பீடு. எந்திரத்தில் கை போய், இனி வேலையே செய்ய முடியாது என்றானவருக்கு அவரது சம்பளத்தில் 60 சதவீதம் உதவித்தொகை. அதுவும் ஐந்தாவது வாரத்திலிருந்துதான். அதுவரை நோய்க் காப்பீட்டு நிதி பார்த்துக்கொள்ளும். சாதாரண நோய் என்றால் அந்த நிதியிலிருந்து சம்பளத்தின் ஒரு பகுதி, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும். ஃபேக்டரியில் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமுகிறவர் 'விபத்து' கணக்கில் வரமாட்டார்.

காஃப்காவின் வேலை, ஃபேக்டரிகளை ஆபத்தின் அளவுப்படி வகைப்படுத்துவது. ஆபத்து அதிகம் என்றால் முதலாளி கட்ட வேண்டிய பிரீமியமும் அதிகம். அதனால் முதலாளிகள் அப்பீலுக்கு மேல் அப்பீல் போடுவார்கள். அதற்கெல்லாம் பதில் எழுதுவதும், வடக்கு பொஹீமியாவின் தொழில் நகரங்களுக்குப் போய்ப் பார்த்து வருவதும் அவர் பொறுப்பு. மரம் இழைக்கும் எந்திரத்தில் சதுர வடிவத் தண்டுக்குப் பதில் உருளை வடிவத் தண்டைப் போட்டால் விரல்கள் தப்பும் என்று அவர் படங்களோடு எழுதிய அறிக்கை 1910இல் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வந்தது. துண்டான விரல்களின் படங்களும் அதில் உண்டு. கனவு மாதிரியான கதைகளை எழுதியவர் என்று மட்டுமே காஃப்காவை அறிந்தவர்கள் அந்த அறிக்கையைப் பார்த்தால் அசந்துபோவார்கள்.

அடிபட்ட தொழிலாளிகள் ஆபீஸை அடித்து நொறுக்காமல் கையேந்திக் கெஞ்சுகிறார்களே என்று காஃப்கா வியந்ததாக அவரது நண்பர் மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார்.

இரவு முழுக்க எழுதிவிட்டு ஒரு லீவு சீட்டு

1912 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு பத்து மணிக்கு எழுத உட்கார்ந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தார். 'தீர்ப்பு' என்ற கதை ஒரே மூச்சில் முடிந்திருந்தது. கால் மரத்துப்போயிருந்தது, ஆபீஸ் போகத் தெம்பில்லை.

தன் மேலதிகாரி பிஃபோலுக்கு ஒரு விசிட்டிங் கார்டில் சில வரி எழுதி அனுப்பினார். காலையில் லேசாக மயக்கம் வந்தது, கொஞ்சம் காய்ச்சல், பெரிதாக ஒன்றுமில்லை, பன்னிரண்டு மணிக்கு மேலானாலும் இன்றைக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்பது அதன் சாரம். வாட்ஸ்அப் இல்லாத காலம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். காய்ச்சல் என்று சொல்ல வேண்டும், ஆனால் சீரியஸ் இல்லை என்றும் சொல்ல வேண்டும். லீவு வேண்டும், ஆனால் வந்துவிடுவேன் என்றும் சத்தியம் செய்ய வேண்டும். இந்த இழுபறியை எழுதத் தெரியாத ஊழியர் இன்றும் எந்த ஆபீஸிலும் கிடையாது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 'உருமாற்றம்' எழுதத் தொடங்கினார். சேல்ஸ் வேலையில் ஊர் ஊராகச் சுற்றும் கிரெகோர் சாம்சா ஒரு காலை பெரிய பூச்சியாகக் கண் விழிக்கிறான். அவனுடைய முதல் பதற்றம், ஐந்து மணி ரயிலை விட்டுவிட்டோமே என்பது. உடம்பு சரியில்லை என்று சொல்லவும் பயம். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட அவன் உடம்புக்கு என்று படுத்ததில்லை. இப்போது சொன்னால் முதலாளி இன்ஷூரன்ஸ் டாக்டரோடு வந்து நிற்பார். அந்த டாக்டருக்கோ உலகத்தில் நோயாளியே கிடையாது, எல்லாரும் வேலைக்குக் கள்ளம் செய்கிறவர்கள். கொஞ்ச நேரத்தில் கம்பெனியின் தலைமை மேலாளரே வீட்டு வாசலில்.

இதை எழுதியவருக்கு இன்ஷூரன்ஸ் டாக்டர்கள் எப்படி என்று வெளியிலிருந்து கேட்டுத் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பென்ஷன் கேட்டார், லீவு கொடுத்தார்கள்

அந்த 1917 ஆகஸ்டுக்குத் திரும்புவோம். முதலில் பார்த்த டாக்டர் மூச்சுக்குழாய் அழற்சி என்றார். மாக்ஸ் பிராட் விடவில்லை, செப்டம்பர் 4ஆம் தேதி ஸ்பெஷலிஸ்ட் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு நுரையீரல்களின் மேல்முனையும் பாதிக்கப்பட்டிருந்தது. காசநோய்.

அதுவரை காஃப்கா உடம்பைப் பற்றி ஓயாமல் புலம்பியவர். தூக்கமில்லை, தலைவலி, வயிறு சரியில்லை, சத்தம் தாங்கவில்லை என்று கடிதங்கள் முழுக்க அதுவே. சைவ உணவு, திறந்த ஜன்னல், இயற்கை வைத்தியம் என எல்லாம் முயன்றவர். நிஜமான நோய் வந்ததும் ஆச்சரியமாக அமைதியாகிவிட்டார். ஃபெலிசே பாவருடன் இரண்டு முறை நிச்சயமான திருமணம் அந்த டிசம்பரில் முறிந்தபோதும் அவர் சொன்ன காரணம் நோய்தான். மூளை சுமக்க முடியாததை நுரையீரல் வாங்கிக்கொண்டது என்ற பொருளில் நண்பர்களுக்கு எழுதினார். மருத்துவப்படி அது தவறு. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882லேயே கண்டுபிடித்துச் சொல்லியாகிவிட்டது. ஆனால் நோயைத் தன் குற்றமாகவே பார்க்கும் ஒருவருக்குக் கிருமியின் மேல் பழிபோட மனசு வராது.

ஆபீஸில் அவர் கேட்டது பென்ஷன். விட்டுவிடுங்கள் என்றார். அவர்கள் விடவில்லை, மூன்று மாத விடுப்பு கொடுத்தார்கள். இயக்குநர் மார்ஷ்னருக்குக் காஃப்காவின் அருமை தெரியும். முதல் உலகப்போரில் இவர் இல்லாமல் முடியாது என்று சொல்லி ராணுவத்திலிருந்து விலக்கு வாங்கிக் கொடுத்ததும் இதே நிறுவனம்தான். அன்பும் உண்டு, வேலை ஆக வேண்டும் என்ற கணக்கும் உண்டு. தங்கை ஓட்லா விவசாயம் பார்த்த ஸ்யூராவ் கிராமத்துக்குப் போனார். மூன்று மாதம் எட்டு மாதமாக நீண்டது. பெற்றோரிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை, நரம்புத் தளர்ச்சிக்காக லீவு என்று சமாளித்தார்.

1918 மே மாதம் வேலைக்குத் திரும்பினார். அக்டோபரில் ஸ்பானிஷ் ஃப்ளூ. கடும் காய்ச்சலில் படுத்தபோது அவர் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிமகன். எழுந்தபோது செக்கோஸ்லோவாக்கியா என்ற புது நாடு பிறந்திருந்தது. நவம்பரில், முழுசாகத் தேறும் முன்பே ஆபீஸுக்கு வந்தார். சில நாளிலேயே மறுபடி படுக்கை, மறுபடி விடுப்பு.

ஆபீஸும் மாறிப்போனது. ஜெர்மன் போய்ச் செக் மொழி வந்தது. மார்ஷ்னர் உட்பட பழைய ஜெர்மன் அதிகாரிகள் வெளியேற்றப்பட்டார்கள். செக் தெரிந்த, யாரிடமும் வம்புக்குப் போகாத காஃப்கா தப்பினார். புது இயக்குநர் ஓட்ஸ்ட்ர்சிலும் அவரிடம் கனிவாகவே இருந்தார்.

பொய் சொல்ல வராத காதலர்

1920இல் மெரானோவில் சிகிச்சை விடுப்பில் இருந்தபோது, மிலேனா யெசென்ஸ்காவுடன் கடிதப் பழக்கம் காதலானது. மிலேனா வியன்னாவில் இருந்தார், திருமணமானவர். காஃப்கா பிராக் திரும்பி ஆபீஸ் போகத் தொடங்கிய பிறகு, வியன்னா வரச் சொல்லி மிலேனா வற்புறுத்தினார். சொந்தக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தந்தி காட்டினால் லீவு கிடைக்காதா?

காஃப்காவால் முடியவில்லை. ஆபீஸிடம் பொய் சொல்ல தனக்கு வராது என்று பதில் எழுதினார். சின்ன வயதிலிருந்து தன்னோடு வரும் உயிருள்ள ஆள் மாதிரி அந்த ஆபீஸைப் பற்றி விளக்கினார். எட்டு வருடம் முன்பு இல்லாத மயக்கத்தைக் கார்டில் எழுதி அனுப்பியவர்தான். அப்போது உடம்பு நன்றாக இருந்தது, சின்னப் பொய் உறுத்தவில்லை. இப்போது நிஜமாகவே நோயாளி. மாதக்கணக்கில் சம்பளத்தோடு லீவு தந்தவர்களிடம் இன்னும் ஒருநாள் கேட்பது அவருக்குத் திருட்டு மாதிரி தோன்றியது. மிலேனாவுக்கு இது புரியவில்லை, கோபம்தான் வந்தது. அந்த உறவு தேய்ந்து முடிந்ததற்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் இதுவும் ஒன்று.

1920 டிசம்பரில் டாட்ரா மலையில் மாட்லியாரி சானடோரியம். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையப் பெயரில் இன்றும் இருக்கிறதே, அதே சொல்தான். மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் காசநோயாளிகளைச் சுத்தமான காற்றிலும் நல்ல சாப்பாட்டிலும் வைத்திருந்த இடம். அங்கிருந்து லீவு நீட்டிப்புக் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. காஃப்காவின் செக் போதாது என்று ஓட்லாவின் கணவர் திருத்திக் கொடுப்பார். ஓட்லாவே நேரில் போய் இயக்குநரைப் பார்த்துப் பேசுவார். உலக இலக்கியத்தின் பெரிய கை ஒன்று எழுதிய கடிதங்களுக்கு மச்சினர் இலக்கணப் பிழை பார்த்தார்.

1921 ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தவர் இரண்டு மாதம்தான் தாக்குப்பிடித்தார். 1917 செப்டம்பர் முதல் 1922 ஜூன் வரை கணக்குப் போட்டால் பாதிக்கும் மேல் விடுப்பிலேயே போயிருக்கிறது. அதற்குள் இரண்டு பதவி உயர்வுகள். கடைசியானது, 1922இல் அவர் விடுப்பில் இருக்கும்போதே வந்தது. அவர் ஃபைல் பார்த்த மரமில் தொழிலாளி யாருக்கும் இப்படி ஒரு சலுகை கனவிலும் கிடைத்திருக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அதே சமயம், 1917லேயே கேட்ட பென்ஷன் கைக்கு வர ஐந்து வருடம் ஆனது என்பதும் உண்மை. இடையில் ஒவ்வொரு முறை கொஞ்சம் தேறியதும் ஆபீஸ், மறுபடி காய்ச்சல், மறுபடி கடிதம்.

1922 ஜூலை 1 முதல் ஓய்வு. அதிலும் 'தற்காலிக' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. 'கோட்டை' நாவலில் பாதியை அந்த விடுப்பின் கடைசி மாதங்களில்தான் எழுதினார். அதை அவர் முடிக்கவே இல்லை.

1923இல் டோரா டயமண்ட்டுடன் பெர்லினுக்குக் குடிபோனார். பணவீக்கத்தில் ஜெர்மன் மார்க் காகிதமாகிக்கொண்டிருந்த நேரம். வெளிநாட்டில் இருந்துகொண்டு பென்ஷன் வாங்க, பழைய இயக்குநருக்கு மறுபடி ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. 1924 வசந்தத்தில் நோய் தொண்டைக்கு ஏறியது. பேசக் கூடாது என்றார்கள், சீட்டில் எழுதிக் காட்டினார். சாப்பாடு இறங்கவில்லை. வியன்னாவுக்குப் பக்கத்தில் கீர்லிங் சானடோரியத்தில், படுக்கையிலிருந்தபடியே தன் கடைசிப் புத்தகத்துக்கு புரூஃப் திருத்தினார். அதில் ஒரு கதை, பட்டினி கிடப்பதையே தொழிலாகக் கொண்ட கலைஞனைப் பற்றியது. ஜூன் 3ஆம் தேதி இறந்தார். 41 வயது முடிய ஒரு மாதம் பாக்கி இருந்தது.