காலத்தை மறைக்காத ஒளிப்படம்

ஓடுகின்ற ஒருவரைப் பல தடவைகள் படம்பிடித்து, அவற்றை ஒன்றிணைத்து, அவரது ஓட்டம் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் வித்தை இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவருக்கும் கைவந்துள்ளது. படங்களை ஒட்டிப் பொய்யை மெய்யாக்கும் வித்தையும் அதே வேகத்தில் பெருகியுள்ளது. இவ்வேளையில், உண்மை காண்பதற்காகவே படங்களை ஒன்றிணைத்த பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரேயின் வாழ்வை நாம் நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

1830 இல் பிரான்சின் போன் நகரில் பிறந்த மாரே, பாரிஸில் மருத்துவம் பயின்றவர். நாடியை விரலால் உணர்ந்து கூறுவதில் அவர் திருப்தியடையவில்லை. 1860 அளவில், நாடித்துடிப்பைக் காகிதத்தில் கோடாக வரையும் கருவியொன்றை உருவாக்கினார். உயிருள்ள உடலின் அசைவு தன்னைத்தானே எழுதிக்கொள்ளச் செய்வதே அவரது வாழ்நாள் நோக்கமாயிற்று.

1878 இல் கலிபோர்னியாவில் எட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவர், வரிசையாகப் பல கமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். மாரே அப்படங்களைக் கண்டு வியந்தார். ஆயினும், பறவையின் பறப்பை ஆராய விரும்பிய அவருக்கு அம்முறை போதவில்லை. பறவை கமரா வரிசைக்கு முன்னால் பறந்து செல்லுமென எதிர்பார்க்க இயலுமா? எனவே 1882 இல், துப்பாக்கி வடிவில், ஒரு செக்கனில் 12 படங்களை எடுக்கும் கருவியை அமைத்தார். 1874 இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்ததைப் பதிவு செய்ய வானியலாளர் ஜான்சென் கையாண்ட கருவியே இதற்கு முன்னோடி. 1868 இல் சூரிய கிரகணத்தைக் காண ஆந்திரத்துக் குண்டூருக்கு வந்தவரும் இந்த ஜான்சென்தான்.

இதுவும் மாரேக்கு நிறைவளிக்கவில்லை. தனித்தனிப் படங்களில், ஓர் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க முடியவில்லை. ஆகவே, கறுப்புப் பின்னணிக்கு முன்னால் வெள்ளை ஆடை அணிந்தவரை நடக்கவிட்டு, துவாரமுள்ள தட்டொன்றைக் கமராவினுள் சுழலவிட்டார். துவாரம் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அவரது உருவம் ஒரே கண்ணாடித் தகட்டில் வெவ்வேறு இடத்தில் பதிந்தது. உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பியபோது, கறுப்பு ஆடை அணிவித்து, கை கால்களில் மட்டும் பளபளக்கும் பட்டிகளை ஒட்டினார். மனிதன் மறைந்து அசைவு மட்டுமே எஞ்சியது. அளவுகோலும் நேரங்காட்டும் வட்டும் படத்தினுள்ளேயே இடம்பெற்றன என்பது குறிப்பிடத்தக்கது.

பொருளிலிருந்து ஒளி வந்து கண்ணை அடைவதாலேயே நாம் காண்கிறோம் என, இருட்டறையில் விளக்குகளை வைத்துச் சோதித்துக் காட்டியவர் பஸ்ராவில் பிறந்த இப்னு அல் ஹைதம். கண்ணை மட்டும் நம்பாது பரிசோதனையை நம்பிய அம்மரபை, ஏறத்தாழ 850 ஆண்டுகளின் பின் மாரே தொடர்ந்தார் எனலாம்.

மைபிரிட்ஜின் படவரிசைகள் சிலவற்றில் படங்கள் மாற்றி அடுக்கப்பட்டிருந்தமையைப் பிற்கால ஆய்வாளர் கண்டறிந்தனர். அழகுக்காக ஒழுங்கு மாறியது. மாரேயோ அழகைவிட அளவையே மதித்தார். 1888 இல் சுருள் தாளிலும் தொடர்படங்களை எடுத்துச் சினிமாவுக்கு வழிதிறந்த அவர், அதை வேடிக்கைப் பொருளாக்கி இலாபமீட்ட விரும்பவில்லை. கண் காண்பதையே மீண்டும் காட்டுவதால் அறிவு வளராது என்பது அவரது கருத்து. 1904 இல் அவர் காலமானார். நடக்க முடியாதோரின் நடையை ஆராயும் இன்றைய மருத்துவக் கூடங்கள் அவர் வகுத்த பாதையிலேயே செல்கின்றன.

இதில் நமக்கும் ஒரு பாடமுண்டு. காங்கேசன்துறையை எடுத்துக்கொள்வோம். 1902 இல் அங்கு புகையிரதப் பாதை வந்தது. 1990 இல் போரினால் சேவை நின்றது, மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்பியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. இவற்றுள் ஒன்றை மட்டும் காட்டுபவர் அழிவையோ மகிழ்ச்சியையோ மட்டுமே காட்டுகிறார். எல்லாவற்றையும் உரிய ஒழுங்கில் ஒரே தகட்டில் பதிக்க வேண்டும்; புகையிரதம் நின்றதற்கும் திரும்பியதற்கும் இடைப்பட்ட 24 ஆண்டுகளையும் மறையாது காட்ட வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் படங்களைத் தனித்தனியே வைத்திருக்கும் நிலை மாறி, வடபுலத்தின் வரலாறு அவ்வாறு தொகுக்கப்படுவதே இரு சமூகத்தாருக்கும் நன்மை பயக்கும் என்பது நமது கருத்தாகும்.